குடுவையில் எது முதலில் தீர்கிறது? ஈ. கோலையில் புரதம் எடுக்க மீடியாவைச் சரிசெய்யும் முறை

ஈ. கோலை என்ற பாக்டீரியாவை மீடியா என்னும் சத்து நீரில் வளர்த்து, நமக்கு வேண்டிய புரதத்தை அதைச் செய்யவைத்து எடுப்பதுதான் இங்கே பேச்சு; எல்பி அந்த மீடியாக்களில் ஒன்று. லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "எல்பியில் வளர்த்தேன், புரதம் கொஞ்சம்தான் வருது. வேற எந்த மீடியா போடலாம்?" நான் பதிலுக்குக் கேட்பேன்: கடைசியில் ஓ.டி. (கலங்கலை வைத்துச் செல் அடர்த்தியைச் சொல்லும் அளவு) எவ்வளவு? பி.எச். (அமிலமா காரமா என்னும் அளவு) எவ்வளவு? நீரில் கரைந்து நிற்கும் புரதத்தை மட்டும் ஜெல்லில் (புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் சோதனை) தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். மற்ற இரண்டுக்கும் மௌனம்.

மீடியாவை மாற்ற ஒரு மணி நேரம் போதும். எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தை எப்படிச் செலவழிப்பது என்று இங்கே எழுதுகிறேன். எல்லாருக்கும் கைவசம் இருக்கும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம்: பிஎல்21(டிஇ3) பாக்டீரியா, கனமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு தரும் பெட்-28 பிளாஸ்மிட் (நம் ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்), தூண்டுவதற்கு, அதாவது புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்க, ஐபிடிஜி என்ற வேதிப்பொருள், வளர்ப்பதற்கு ஷேக்கரில் ஆடும் குடுவை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஸ்டூடியரும் பார்பரா மொஃபாட்டும் 1986-இல் வெளியிட்ட டி7 முறைதான் இதன் அடிப்படை. நம் ஜீன் டி7 ப்ரோமோட்டர் என்ற தொடக்கப் பகுதியின் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த நொதியான டி7 பாலிமரேஸின் ஜீன், பாக்டீரியாவின் குரோமோசோமில் லாக் என்ற பூட்டின் கட்டுப்பாட்டில் இருக்கும். ஐபிடிஜியோ, பால் சர்க்கரையான லாக்டோஸோ வந்தால் கதவு திறக்கும். இந்த லாக்டோஸ் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

முதல் படி: எல்பியிலேயே ஒருமுறை ஒழுங்காக அளந்து பாருங்கள்

எல்பி புரத உற்பத்திக்கென்று உருவான மீடியா இல்லை. ஜுசெப்பே பெர்டானி லைசோஜெனி (வைரஸ் பாக்டீரியாவுக்குள் பதுங்கியிருப்பது) ஆராய்ச்சிக்காகப் பயன்படுத்தி, 1951-இல் வெளியிட்டது. லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், உப்பு 10 கிராம் அல்லது அதற்குக் குறைவு. அவ்வளவுதான். பார்க்கச் சத்தான சூப் மாதிரி இருந்தாலும் இதில் பாக்டீரியா தின்னக்கூடிய சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. அமினோ அமிலங்களை உடைத்துத்தான் அது கார்பன் எடுக்கிறது. உடைக்கும்போது அம்மோனியா வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. இரவு முழுக்க ஆடிய எல்பி கல்ச்சரில் (பாக்டீரியா வளர்ந்த மீடியாவில்) பி.எச். தாளை நனைத்தால் 8.5-ஐத் தாண்டி நிற்பதைக் காணலாம். அந்த ஏற்றத்தைத் தடுக்க எல்பியில் பஃபர் எதுவும் இல்லை. மக்னீசியமும் இதில் தாராளமாக இல்லை.

ஆகவே எல்பியில் கார்பன், பஃபர், மக்னீசியம் என்று மூன்று சாமான்கள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. உங்கள் குடுவையில் முதலில் தீர்வது எது என்பதைப் பொறுத்தே மருந்து மாறும்.

250 மில்லி குடுவையில் 50 மில்லி எல்பி எடுத்து, ஓ.டி. 0.05-இல் தொடங்குங்கள். மணிக்கு ஒருமுறை ஓ.டி.யும் பி.எச்.சும் குறித்து வையுங்கள். ஓ.டி. அளப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: கெட்டியான கல்ச்சரை அப்படியே க்யூவெட்டில் ஊற்றி 1.9 என்று எழுதிக்கொள்வார்கள். அந்த உயரத்தில் கருவி உண்மையைச் சொல்லாது. அதே மீடியாவில் நீர்த்து, அளவு 0.1-க்கும் 0.5-க்கும் நடுவில் விழும்படி செய்து, பிறகு பெருக்குங்கள். 1.9 என்று காட்டியது 3.5 ஆக மாறுவதைப் பார்த்தால் அடுத்தமுறை யாரும் சொல்லாமலே நீர்ப்பீர்கள்.

இரண்டாம் படி: எதை அளந்து "நல்லது" என்று சொல்லப் போகிறீர்கள்?

கல்ச்சர் கெட்டியாக இருக்கிறது என்பதற்காகப் புரதமும் நிறைய இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு கணக்கு போடுவோம், எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எல்பியில் ஓ.டி. 4, ஒரு ஓ.டி. அளவு செல்லில் புரதம் 10 பங்கு, மொத்தம் 40. வேறொரு மீடியாவில் ஓ.டி. 14, செல்லுக்கு 6 பங்கு, மொத்தம் 84. இரண்டு மடங்குக்கும் மேல் என்று துள்ளிக் குதிக்கலாம். ஆனால் எல்பியில் வந்தது முழுக்கக் கரைந்த நிலையிலும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கரைந்தும் இருந்தால்? 40-க்கு எதிரே 28. பெரிய பெல்லட்டை, அதாவது சுழற்றியதும் அடியில் படியும் செல் உருண்டையை, எடுத்து உடைத்து, புரதத்தைச் சுத்தம் செய்யும் குழாயில் ஊற்றிய பிறகுதான் இந்த ஏமாற்றம் தெரியவரும்.

அதனால் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரே எண்ணிக்கை செல்களை எடுங்கள். வழி சுலபம்: 1-ஐ ஓ.டி.யால் வகுத்தால் வருவது மில்லி லிட்டர். ஓ.டி. 8 என்றால் 0.125 மில்லி. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பெல்லட்டை 100 மைக்ரோலிட்டர் சாம்பிள் பஃபரில் கரைத்து, கொதிக்கவைத்து, 10 மைக்ரோலிட்டர் ஏற்றுங்கள். கொதித்த சாம்பிள் டிப்பிலிருந்து மூக்குச்சளி போல நூலாக இழுபட்டால் அது டிஎன்ஏ. மெல்லிய ஊசி வழியாக நாலைந்து தடவை இழுத்து விட்டால் அடங்கிவிடும். இன்னொரு பங்கு செல்லை உடைத்து, சுழற்றி, மேல்நீரைத் தனிக் குழியில் ஓட்டுங்கள். தூண்டாத கல்ச்சர் ஒரு குழி. மொத்தம், கரைந்தது, தூண்டாதது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்த ஜெல் எதையாவது சொல்லும்.

மூன்றாம் படி: மீடியாவுக்கு முன்னால் காற்று

சத்துள்ள மீடியாவுக்கு மாறும்போது செல் எண்ணிக்கை ஏறும், கூடவே ஆக்சிஜன் தேவையும் ஏறும். காற்று போதாத குடுவையில் எவ்வளவு கிளிசரால் ஊற்றினாலும் அது அசிட்டேட் போன்ற அமிலமாகித் தேங்குமே தவிர செல்லாகாது. குடுவையின் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் வரைதான் நிரப்ப வேண்டும். 2 லிட்டர் குடுவையில் 1 லிட்டர் ஊற்றி ஆட்டுவது பல லேப்களில் நடக்கிறது. இடம் மிச்சம், ஓ.டி. நஷ்டம்.

அடிப்பக்கம் மடிப்பு வைத்த பேஃபிள் குடுவை காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் மிகுந்த மீடியா அதில் நுரைத்துத் தள்ளும். நுரை ஏறிப் பஞ்சு மூடியை நனைத்துவிட்டால் காற்று போகும் வழியே அடைபட்டுப்போகும். காலையில் வந்து பார்த்தால் மூடி பழுப்பாக ஊறியிருக்கும், ஓ.டி. முந்தின இரவு விட்ட இடத்திலேயே நிற்கும். ஆன்டிஃபோம் ஒரு சொட்டு விடுங்கள், அல்லது ஷேக்கர் வேகத்தை நிமிடத்துக்கு 220 சுற்றிலிருந்து 180-க்குக் குறையுங்கள். மீடியாவை ஒப்பிடும் சோதனை நடக்கும்போது மட்டும் எல்லாக் குடுவையிலும் குடுவை வகை, கொள்ளளவு, மூடி, வேகம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது குடுவையை.

நான்காம் படி: அடிப்படை மீடியாவைத் தேர்ந்தெடுப்பது

எல்பிக்கு அடுத்த எளிய படி 2எக்ஸ்ஒய்டி: லிட்டருக்கு டிரிப்டோன் 16 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10, உப்பு 5. சாமான் கூடுதல், பிரச்சினை அதேதான்: பஃபர் இல்லை, தனியாகக் கார்பன் இல்லை.

டிபி அப்படியல்ல. (இந்த டிபி நோய் இல்லை, டெரிஃபிக் பிராத். ஃப்ரிட்ஜ் கதவில் "டிபி உள்ளே இருக்கிறது" என்று எழுதி ஒட்டி, சுத்தம் செய்ய வந்த அம்மாவை ஓட வைத்த ஆள் எங்கள் லேபில் உண்டு.) லிட்டருக்கு டிரிப்டோன் 12 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 24 கிராம், கிளிசரால் 4 மில்லி, அதோடு கிட்டத்தட்ட 89 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட். கிளிசரால் கார்பன் தருகிறது, பாஸ்பேட் பி.எச்.-ஐப் பிடித்து வைக்கிறது. எல்பியில் தீர்ந்துபோகிற மூன்றில் இரண்டுக்கு இங்கே பதில் இருக்கிறது. காற்று சரியாக இருந்தால் குடுவையிலேயே ஓ.டி. 10-ஐத் தாண்டுவது சாதாரணம்.

செய்யும் முறை: 900 மில்லி நீரில் இரண்டு பொடியையும் கரைத்துக் கிளிசராலைச் சேர்த்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். கிளிசரால் தேன் போலப் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறையும். 5 கிராம் என்று எடை போட்டு ஊற்றுவது மேல். பாஸ்பேட்டைத் தனி பாட்டிலில், லிட்டருக்கு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 23.1 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 125.4 கிராம் என்று கரைத்து, அதையும் ஆட்டோகிளேவ் செய்து, இரண்டும் ஆறிய பிறகு 100 மில்லி கலக்குங்கள். சேர்த்தே சூடாக்கினால் பொடிகளில் இருக்கும் மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் வெள்ளையாகப் படியும். பாக்டீரியாவுக்குப் போக வேண்டிய உலோகம் பாட்டில் அடியில் கிடக்கும். இதே காரணத்துக்காக மக்னீசியம் சல்பேட்டையும் தனியாகச் செய்துவைத்து, கடைசியில் 2 மில்லிமோலார் வரும்படி சேர்க்கிறோம். இந்த ஒரு சேர்க்கை எல்பியில்கூட ஓ.டி.யை உயர்த்தும். செலவு அற்பம், ஆகவே எனக்குப் பிடித்த முதல் சோதனை இது.

குளுக்கோஸ் சேர்ப்பதாக இருந்தாலும் தனியாகத்தான். அமினோ அமிலங்களோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் மீடியா டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போய்விடும்.

எம்9 போன்ற வரையறுத்த மீடியா மகசூலுக்காக அல்ல. புரதத்தின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் முறைக்கு நைட்ரஜன்-15 ஏற்ற வேண்டும் என்பது மாதிரித் தேவை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். வளர்ச்சி மெதுவாக இருக்கும், பொறுமை வேண்டும்.

ஐந்தாம் படி: ஆன்டிபயாடிக் உண்மையில் வேலை செய்கிறதா?

இந்தப் படியைப் பாதிப்பேர் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டிப் போய் அடிபட்டவன். முதல்முறை டிபிக்கு மாறியபோது ஓ.டி. 15 வந்தது. பெல்லட் உள்ளங்கையில் கனத்தது. ஜெல்லில் என் புரதம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடு. ஐபிடிஜி கெட்டுவிட்டது என்று புதிதாகக் கரைத்தேன், ஷேக்கரைச் சந்தேகித்தேன், பிளாஸ்மிட்டைத் திரும்ப சீக்வென்ஸ் செய்தேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் ஒரு சீனியர், தூண்டுவதற்கு முன் அந்தக் கல்ச்சரை நீர்த்து இரண்டு தட்டில் தடவச் சொன்னார். கனமைசின் இல்லாத தட்டில் 140 காலனி. கனமைசின் உள்ள தட்டில் 9.

நான் வளர்த்ததில் பெரும்பகுதி பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்ட செல்கள். ஸ்டூடியர் 2005-இல் தானியங்கித் தூண்டல் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: பாஸ்பேட் அதிகமுள்ள சத்தான மீடியாவில், லிட்டருக்கு 25 மில்லிகிராம் கனமைசின், எதிர்ப்பே இல்லாத பிஎல்21(டிஇ3)-ஐயும் தடுக்காது. அவர் பரிந்துரைத்தது 100. எல்பி காலத்து வழக்கப்படி 30 போட்டுக்கொண்டிருந்தவன் நான். பஃபருக்காகப் பாஸ்பேட்டை ஏற்றினால் கனமைசினையும் ஏற்றியாக வேண்டும் என்பதை எந்த மீடியா பாட்டில் லேபிளிலும் பார்த்ததில்லை.

ஆம்பிசிலின் பிளாஸ்மிட் என்றால் தொல்லை வேறு விதம். எதிர்ப்புள்ள செல் பீட்டா லாக்டமேஸை வெளியே கசியவிட்டு, சுற்றியுள்ள ஆம்பிசிலினையே தின்று தீர்த்துவிடும். இரவு முழுக்க வளர்த்த ஸ்டார்ட்டரை, அதாவது பெரிய குடுவைக்கு விதையாகும் சிறு கல்ச்சரை, அப்படியே ஊற்றினால் அந்த நொதியும் கூடவே போகும். ஸ்டார்ட்டரைச் சுழற்றி, பழைய மீடியாவைக் கொட்டிவிட்டு, புதிய மீடியாவில் கலக்கிச் சேர்க்கலாம், அல்லது கார்பெனிசிலினுக்கு மாறலாம். அது சீக்கிரம் சிதையாது.

எந்த மீடியாவை முடிவுசெய்தாலும் இரண்டு தட்டுச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஆறாம் படி: ஸ்டார்ட்டரில் குளுக்கோஸ், குடுவையில் லாக்டோஸ்

டிரிப்டோன் எதிலிருந்து வருகிறது? பாலின் கேசினிலிருந்து. பாலிலிருந்து வந்த பொருளில் லாக்டோஸ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டூடியர் தன் கல்ச்சர்கள் ஐபிடிஜி போடாமலேயே, முற்றி நிற்கும் நேரத்தில் புரதம் செய்யத் தொடங்குவதைக் கண்டு துருவிப்போய்க் கண்டுபிடித்தது இதைத்தான். கேசின் பொடியில் இருந்த மிகச் சிறிதளவு லாக்டோஸே கதவைத் திறந்துகொண்டிருந்தது. பொடியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் கசிவும் மாறியது.

நச்சுத்தன்மை உள்ள புரதமாக இருந்தால் இந்தக் கசிவே பிளாஸ்மிட்டைத் தொலைக்கப் போதும். அதனால் ஸ்டார்ட்டரில் 0.5 முதல் 1 சதவீதம் குளுக்கோஸ் போடுங்கள். குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸ் பக்கம் பாக்டீரியா திரும்பிப் பார்க்காது. ஆனால் பஃபர் இல்லாத எல்பியில் இவ்வளவு குளுக்கோஸ் போட்டு இரவு முழுக்க விட்டால் அமிலம் சேர்ந்து பி.எச். இறங்கும், செல்கள் சோர்ந்துபோகும். பாஸ்பேட் உள்ள மீடியாவில் போடுங்கள்.

தொல்லையாக வந்த லாக்டோஸையே ஸ்டூடியர் வேலைக்காரனாக்கினார். அவருடைய இசட்ஒய்எம்-5052 மீடியாவின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: கிளிசரால் 0.5 சதவீதம், குளுக்கோஸ் 0.05, லாக்டோஸ் 0.2. பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தின்னும், அதுவரை கதவு மூடியிருக்கும். அது தீர்ந்ததும் லாக்டோஸ் உள்ளே போகும், தூண்டல் தானாக நடக்கும். கிளிசரால் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கும். மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓ.டி. 0.6 வருகிறதா என்று இரவு ஒன்பது மணிக்கு ஷேக்கர் முன்னால் காவல் இருக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இருபது கல்ச்சர் வைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஒரே எச்சரிக்கை: குளிரில் வளர்த்தால் அவசரப்பட்டு அறுவடை செய்யாதீர்கள். 20 டிகிரியில் இந்தக் கல்ச்சர் முற்ற ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தூண்டலே தொடங்காத குடுவையைச் சுழற்றிவிட்டு "இந்த மீடியா வேலைக்காகாது" என்று எழுதிவைத்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: ஐபிடிஜியும் வெப்பநிலையும்

37 டிகிரியில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி, மூன்று மணி நேரம் என்பது பழைய பாடம். பல புரதங்கள் இதில் இன்க்ளூஷன் பாடியாகக் கட்டிதட்டிப் போகும். 18 டிகிரி, 0.1 முதல் 0.2 மில்லிமோலார், இரவு முழுக்க என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். எல்பியில் ஓ.டி. 0.6-இல் தூண்டுகிறோம் என்றால் டிபியில் 1-இலிருந்து 2 வரை பொறுக்கலாம், சத்து இன்னும் மிச்சம் இருக்கும். குளிர்விக்கும் குடுவை உடனே குளிர்ந்துவிடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஷேக்கர் 18 என்று காட்டும், உள்ளே 30 இருக்கும், செல் பெருகிக்கொண்டே போகும். கொஞ்சம் முன்னதாகவே எடுத்து அரை மணி ஆறவிட்டுத் தூண்டுங்கள்.

எட்டாம் படி: ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள்

அடிப்படை மீடியாவும் காற்றும் ஆன்டிபயாடிக்கும் சரியான பிறகுதான் நுணுக்கமான சரிசெய்தல். இங்கே இயல்பாக எல்லோரும் செய்வது, மற்றதை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவது. 37 டிகிரியில் வைத்து ஐபிடிஜி அளவைத் தேடி, "0.5 நல்லது" என்று முடிவுகட்டி, அந்த 0.5-ஐ வைத்துக்கொண்டு வெப்பநிலையைத் தேடுவது. 18 டிகிரியில் 0.1 தான் நல்லது என்றால் அந்த இடத்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள். காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும்போது இந்த வழி கண்ணைக் கட்டிவிடும்.

நான்கு காரணிகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு வைத்து எடுங்கள்: கிளிசரால் 0.4 அல்லது 0.8 சதவீதம், மக்னீசியம் சேர்த்தோ சேர்க்காமலோ, ஐபிடிஜி 0.1 அல்லது 0.5, தூண்டிய பிறகு 18 அல்லது 30 டிகிரி. எல்லாச் சேர்க்கையும் 16 குடுவை. ஷேக்கர் இரண்டு இருந்தால் ஒரே வாரத்தில் முடியும். அதுவும் அதிகம் என்றால் சரியாகத் தேர்ந்த 8 சேர்க்கைகளே பெரும்பாலும் வழிகாட்டும். காரணிகள் ஏழெட்டு என்று பெருகினால் பிளாக்கெட், பர்மன் இருவரும் 1946-இல் தந்த அட்டவணைகள் இருக்கின்றன, 12 ஓட்டத்தில் 11 காரணிகள் வரை சலித்தெடுக்கலாம். அது முக்கியமானவற்றைப் பொறுக்கித் தரும், அவற்றுக்கு இடையிலான உறவைத் தெளிவாகச் சொல்லாது. அதனால் தேறிய இரண்டு மூன்றை மட்டும் வைத்து மறுபடி முழுச் சேர்க்கை போட வேண்டும். குடுவைகளை ஷேக்கரில் வரிசையாக வைக்காமல் கலைத்து வையுங்கள், மூலைக்கு மூலை வெப்பம் மாறும்.

உங்கள் புரதத்துக்கு உள்ளே உலோகமோ, இரும்பு கொண்ட நிறமியான ஹீமோ வேண்டுமென்றால் அதையும் ஒரு காரணியாகச் சேருங்கள். துத்தநாகப் புரதத்துக்கு 10 முதல் 50 மைக்ரோமோலார் துத்தநாகம். ஹீம் புரதத்துக்கு டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் 0.5 மில்லிமோலார் வாக்கில், கூட இரும்பு. ஹீம் ஏறிய பெல்லட் செங்கல் நிறத்துக்குத் திரும்பும், ஜெல் ஓட்டாமலே தெரியும்.

பெரிதாக்கும்போது

50 மில்லியில் தேறியதை லிட்டருக்குக் கொண்டுபோகும்போது மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது குடுவை நிரப்பும் விகிதம். 250-இல் 50 என்றால் 2 லிட்டர் குடுவையில் 400, அதற்கு மேல் வேண்டாம். ஃபெர்மென்டர் கிடைத்தால் காற்றும் பி.எச்.சும் கருவியின் பொறுப்பு, அங்கே குளுக்கோஸைச் சிறுகச் சிறுக ஊட்டுவது என்பது தனி வித்தை.

டிரிப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவைத் திறந்த தேதியையும் லாட் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவின் மூடி ஒருநாள் சரியாக மூடாமல் இருந்தால் போதும், ஈரத்தை இழுத்து வெல்லக்கட்டி போல இறுகிவிடும். அதை ஸ்பாட்டுலாவால் குத்தி எடுத்து எடை போட்டால் அதில் பாதி தண்ணீரா என்று யாருக்குத் தெரியும்? புதிது வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான்கு மீடியாவிலும், இரண்டு வெப்பநிலையிலும், புரதம் முழுக்கக் கரையாத பகுதியிலேயே கிடக்கிறதென்றால் ஐந்தாவது மீடியாவைத் தேடாதீர்கள். டேகை (புரதத்தின் முனையில் ஒட்டிய துண்டு) மாற்றுங்கள், கன்ஸ்ட்ரக்டை (பிளாஸ்மிட்டில் வைத்த ஜீன் பகுதி) குறுக்குங்கள், வேறு ஸ்ட்ரெயினில் (பாக்டீரியா வகையில்) போடுங்கள். அந்தக் குறை குடுவைக்குள் ஊற்றிய எதிலும் இல்லை.